ஆவாரம்பட்டையும் ஒரு வாய்த் தேநீரும்

அறுசுவை என்று நாம் எண்ணும் ஆறில் இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு ஆகிய நான்குக்கும் நாக்கின் சுவை மொட்டுகளில் ஏற்பிகள் இருக்கின்றன. இவற்றோடு உமாமியைச் சேர்த்து ஐந்து என்பது உடலியல் பாடநூல்களின் கணக்கு. கார்ப்பும் துவர்ப்பும் அந்தக் கணக்கில் வருவதில்லை. மிளகாயின் காரம், சூட்டை உணரும் ஏற்பி ஒன்றைத் தூண்டுவதால் வருகிறது என்று 1997-ல் டேவிட் ஜூலியஸ் குழுவினர் காட்டினார்கள். 2021-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததில் அந்தக் கண்டுபிடிப்புக்குப் பெரும் பங்குண்டு. துவர்ப்புக்கு அந்தப் புகழ் இன்னும் வரவில்லை. ஆனாலும் அதன் கதைதான் செழிப்பானது என்பது என் எண்ணம். மிளகாய் ஒரு நரம்பைத் தட்டி எழுப்புவதோடு நின்றுவிடுகிறது. துவர்க்கும் பொருளோ வாய்க்குள் ஒரு வேதிவினையையே நடத்திவிட்டுப் போகிறது. நாம் உணர்வது பெரும்பாலும் அந்த வினையின் விளைவைத்தான்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கடுக்காய்த் தூளில் ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் குழைத்து, அதில் பஞ்சை நனைத்து, மேலுதட்டுக்கும் ஈறுக்கும் இடையில் வையுங்கள். அந்த இடத்தில் சுவை மொட்டு கிடையாது. சர்க்கரைக் கரைசலை அங்கே வைத்தால் இனிப்பு தெரியாது. கடுக்காய்க் கரைசலுக்கோ கொஞ்ச நேரத்தில் அந்த இடம் இறுகும். உதட்டை அசைத்தால் ஈறின்மேல் வழுக்காமல் சொரசொரவென்று உரசும். அமெரிக்க ஆய்வாளர்கள் 1993-ல் இதே இடத்தில் படிகாரத்தை வைத்துத்தான், துவர்ப்பு ஒரு தொடு உணர்ச்சி என்று வாதிட்டார்கள். சலூனில் முகம் மழித்த பிறகு தேய்க்கிறார்களே, அந்தப் படிகாரம். 2014-ல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். நாக்கிலிருந்து சுவையைக் கொண்டுபோகும் நரம்பை மட்டும் மரத்துப்போகச் செய்தபோது துவர்ப்பு மறையவில்லை. முகத்தின் தொடு உணர்ச்சி, வலி, சூடு எல்லாவற்றையும் சுமக்கும் முக்கிளை நரம்பையும் சேர்த்து மரக்கச் செய்த பிறகே அது மறைந்தது.

ஆக, வாய்க்குள் எதுவோ எதன்மீதோ உரசுகிறது. அதற்கு முன்பு ஏன் உரசவில்லை என்று கேட்டால் விடை உமிழ்நீரில் இருக்கிறது.

உமிழ்நீரில் 99 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். மிச்சமிருக்கும் அந்தச் சிறு பங்கில்தான் வேலை நடக்கிறது. சளிப்புரதங்கள் கன்னத்தின் உட்புறத்திலும் நாக்கிலும் வழுவழுப்பான மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டு, கீலுக்கு விட்ட எண்ணெய்போல வேலை செய்கின்றன. அதனால்தான் நாள் முழுக்கப் பேசினாலும் நாக்கு அண்ணத்தில் தேய்ந்து புண்ணாவதில்லை. இன்னொரு புரதக் கூட்டம் காதுக்கு முன்னால், தாடையோரத்தில் இருக்கும் சுரப்பியிலிருந்து வருகிறது. பொன்னுக்கு வீங்கி வந்த பிள்ளைக்குக் கன்னம் உப்புகிறதே, அந்தக் காதடிச் சுரப்பிதான். அது சுரக்கும் புரதத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பப் புரதங்களில் நூறு அமினோ அமிலத்துக்கு 25 முதல் 40 வரை புரோலின் என்ற ஒரே அமினோ அமிலம். வேறெந்தப் புரதத்திலும் எளிதில் காணமுடியாத விகிதம் இது. இவற்றில் சில பற்களுக்குக் கால்சியத்தைக் காத்துத் தருகின்றன, சில வழுக்கலுக்கு உதவுகின்றன. காரத்தன்மை கொண்ட ஒரு பிரிவுக்கு மட்டும், டானினைப் பிடிப்பது தவிர வேறு வேலை எதுவும் நெடுங்காலம் தென்படவில்லை.

டானின் என்பது ஒரே ஒரு பொருளின் பெயரல்ல. கேம்பிரிட்ஜில் பணியாற்றிய பேட்-ஸ்மித், ஸ்வெய்ன் என்ற இரு தாவர வேதியியலாளர்கள் 1962-ல் தந்த வரையறைதான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: தண்ணீரில் கரையும், 500 முதல் 3000 வரை மூலக்கூறு எடை கொண்ட, ஜெலட்டின் முதலிய புரதங்களைத் திரியவைத்து வீழ்படியச் செய்யும் பீனால் சேர்மங்கள். ஒரு பொருளுக்கு அதன் கட்டமைப்பை வைத்துப் பெயர் கொடுப்பதே வேதியியலில் வழக்கம். இங்கே அது செய்யும் காரியத்தை வைத்து வரையறுத்திருக்கிறார்கள், புரதத்தைத் திரிப்பது எதுவோ அது டானின் என்று. உமிழ்நீர்ப் புரதம் திரிந்து வழுக்கல் போவதே துவர்ப்பு என்று பேட்-ஸ்மித் 1954-லேயே எழுதிவிட்டார்.

இரண்டு பெரிய வகைகள் உண்டு. கடுக்காய், நெல்லிக்காய், மாதுளைத் தோல் ஆகியவற்றில் இருப்பவை பெரும்பாலும் நீரால் பகுபடும் வகை. வாழைக்காய், திராட்சை விதை, கொக்கோ, பாக்கு, ஆவாரம்பட்டை ஆகியவற்றில் இருப்பவை கேட்டசின் போன்ற சிறு அலகுகள் சங்கிலியாகக் கோத்த வகை. தேயிலைத் தளிரில் அந்தச் சிறு அலகுகளே உலர் எடையில் கால் பங்கு வரை இருக்கும். தொழிற்சாலையில் இலையைக் கசக்கி காற்றில் புளிக்க விடும்போது அவை இணைந்து, கறுப்புத் தேநீரின் செம்மைக்கும் துவர்ப்புக்கும் காரணமான பெரிய மூலக்கூறுகளாகின்றன.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவானது, தட்டையான வளையங்களும் அவற்றின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஹைட்ராக்சில் தொகுதிகளும். புரோலினும் ஒரு வளையம்தான். புரோலின் மிகுந்த புரதம் உருண்டையாக மடிந்துகொள்ள முடியாது; தளர்ந்து நீண்டு கிடக்கும். டானினின் வளையம் அந்த வளையத்தின்மேல் படிந்து உட்காருகிறது, ஹைட்ராக்சில்கள் ஹைட்ரஜன் பிணைப்பால் அதை இறுக்குகின்றன. ஒரு டானினுக்குப் பல கைகள் இருப்பதால் முதலில் ஒரே புரதத்தைப் பல இடங்களில் பிடித்துச் சுருட்டுகிறது. அடுத்து பக்கத்துப் புரதத்தையும் இழுத்துச் சேர்க்கிறது. கடைசியில் அந்தச் சேர்மானம் கரைசலில் நிற்க முடியாமல் துகளாகத் திரண்டு பிரிகிறது. வழுக்கிக்கொண்டிருந்த படலம் கிழிந்து போகிறது, துகள்கள் நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவே அரைபடுகின்றன. இதைத்தான் வாய் இழுத்துப் பிடிக்கிறது என்கிறோம்.

கண்ணாலும் பார்க்கலாம். இரண்டு கண்ணாடி டம்ளர்களில் பால் சேர்க்காத கெட்டித் தேயிலை டிகாஷனை வடிகட்டி ஊற்றி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். ஒன்றில் இருப்பதை வாயில் ஊற்றி அரை நிமிடம் நன்றாகக் கொப்புளித்து அதே டம்ளரில் துப்புங்கள். மற்றதை அப்படியே வையுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கொப்புளித்த டம்ளரில் இழை இழையாகவும் திரிதிரியாகவும் ஏதோ மிதப்பது தெரியும். ஒப்பிட இரண்டாவது டம்ளர் கட்டாயம் வேண்டும். டிகாஷன் முற்றிலும் ஆறினால் அதிலுள்ள காஃபினும் பாலிபீனாலும் சேர்ந்து தானாகவே கலங்கும். அந்தக் கலங்கலை உமிழ்நீரின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

இனிப்பு நாக்கில் பட்டதும் தெரிகிறது. துவர்ப்பு மெல்ல ஏறிப் பல நொடிகள் கழித்துத்தான் உச்சத்துக்கு வருகிறது, அடங்க அதைவிட நேரமாகிறது. இரண்டாவது மிடறு முதலாவதைவிடத் துவர்க்கும், மூன்றாவது அதைவிட. புரதம் மறுபடி ஊறி வருவதற்குள் அடுத்த டானின் வந்துவிடுகிறது என்பதே காரணம். உமிழ்நீர் குறைவாகச் சுரப்பவர்களுக்குத் துவர்ப்பு அதிகமாகவும் நீண்ட நேரமும் தெரிகிறது என்று திராட்சை மதுவை வைத்துச் செய்த ஆய்வுகள் சொல்கின்றன. ஒரே நெல்லிக்காயைக் கடித்து ஒருவர் முகத்தைச் சுளிப்பதும் மற்றவர் சும்மா மெல்லுவதும் இதனாலும் இருக்கலாம்.

இந்த வினை வாய்க்கு வெளியே ஒரு பெருந்தொழிலாகவே நடந்திருக்கிறது. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு, வாணியம்பாடி, ஆம்பூர் தோல் பட்டறைகளில் சுண்ணாம்பில் ஊறி மயிர் கழிந்த தோலை ஆவாரம்பட்டை ஊறிய குழிகளில் வாரக்கணக்கில் போட்டு வைப்பார்கள். பட்டைச்சாறு ஏறிய பிறகு கடுக்காய் நீரில் முக்கி நிறம் தெளியவைத்து எண்ணெய் ஊட்டுவார்கள். கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரில் பிரிட்டன் வரை போன சரக்கு அது. தோலின் பெரும்பகுதி கொல்லாஜன் என்ற புரதம். அதிலும் புரோலினும் அதன் நெருங்கிய உறவான ஹைட்ராக்சிபுரோலினும் சேர்ந்து ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். ஆவாரம்பட்டையின் டானின் கொல்லாஜன் இழைகளைக் குறுக்கே கட்டி, நடுவிலிருந்த தண்ணீரை வெளியேற்றுகிறது. அதன் பிறகு கிருமிகளின் நொதிகளால் அந்த இழையை அறுக்க முடிவதில்லை. அழுகவேண்டிய பச்சைத் தோல் செருப்பாகவும் பையாகவும் பல ஆண்டுகள் உழைப்பது இதனால்தான். பிற்காலத்தில் தென்னாப்பிரிக்க வாட்டில் பட்டைச் சாறு ஆவாரத்தின் இடத்தைப் பிடித்தது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் புல்வெளிகளை அழித்து வாட்டில் மரம் நட்டதற்கு இந்த டானின் தேவையும் ஒரு காரணம். அந்த மரங்களை அகற்றிச் சோலைப் புல்வெளியை மீட்க இன்று மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம்.

தேநீர் ஒரு வாய் குடிக்கும்போது நம் எச்சிலுக்கு நேர்வதும் ஒரு குட்டிப் பதனிடுதல்தான்.

செடி எதற்காக இப்படியொன்றைச் செய்து வைத்திருக்கிறது? தின்ன வருபவனுக்குச் செரிமானத்தைக் கெடுக்கத்தான். கட்டுப்படாமல் குடலுக்குள் இறங்கும் டானின், உணவிலுள்ள புரதத்தையும் செரிமான நொதிகளையும் சேர்த்துக் கட்டிவிடும். டானின் மிகுந்த சோள ரகங்களைப் பறவைகள் அதிகம் தொடுவதில்லை. 1983-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் அந்தச் சோளத்தை எலிகளுக்குத் தீனியாகக் கொடுத்தார்கள். மூன்றே நாளில் எலிகளின் காதடிச் சுரப்பி மூன்று மடங்கு பெருத்தது. புரோலின் மிகுந்த உமிழ்நீர்ப் புரதம் சுமார் 12 மடங்கு கூடியது. எதிரி வருவதை அறிந்து உடல் படை திரட்டியது என்றே சொல்லவேண்டும். இலைதழை மேயும் மான்களின் உமிழ்நீரில் டானினைப் பிடிக்கும் புரதங்கள் உண்டு. புல்லை நம்பி வாழும் மாட்டிலும் செம்மறியிலும் அவை மிகக் குறைவு. புல்லில் டானின் சொற்பம் என்பதால் அவற்றுக்குத் தேவைப்படவும் இல்லை.

இதைப் படித்தபோது துவர்ப்பைப் பற்றிய என் பார்வையே மாறியது. வாய் வறண்டு இழுத்துப் பிடிக்கும் அந்தச் சங்கடம், நம் உமிழ்நீர் ஒரு புரதத்தை முன்னால் அனுப்பிப் பலிகொடுத்து, உள்ளே இருக்கும் புரதங்களைக் காப்பாற்றுவதன் அறிகுறி. டானினுக்கு ஒரு புரதம் வேண்டும். எந்தப் புரதத்தைக் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

நம் சமையலறைகள் இந்தக் கேள்விக்கு வேதியியல் பிறப்பதற்கு வெகுமுன்பே விடை கண்டிருக்கின்றன. வாழைப்பூவை ஆய்ந்து கள்ளனை எடுத்துவிட்டு நறுக்கியதும் நீர்மோரில் போடுகிறோம். மோரின் புளிப்பு, பூவைக் கறுக்கவைக்கும் நொதியை முடக்குகிறது. மோரிலுள்ள கேசின் என்ற பால் புரதம் டானினைப் பிடித்துக்கொள்கிறது. பிழிந்து எடுத்துப் பொரியல் செய்தால் வாய்க்கு வரும் துவர்ப்பு பாதியாகிவிடுகிறது. ஈழத்தில் உப்பும் மஞ்சளும் போட்டுப் பிசைந்து கயர்ப்பைப் பிழிந்து எடுப்பார்கள். டீக்கடைப் பாலும் செய்வது இதைத்தான். பசும்பாலின் பீட்டா-கேசினில் இருக்கும் 209 அமினோ அமிலங்களில் 35 புரோலின். நம் உமிழ்நீர்ப் புரதத்தைப் போலவே அதுவும் மடியாமல் தளர்ந்து கிடக்கும் புரதம். டம்ளரிலேயே டானின் தன் ஜோடியைக் கண்டுபிடித்துவிடுவதால், டஸ்ட் தூளைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சிய டிகாஷனும் பால் ஊற்றியதும் சாதுவாகிவிடுகிறது. இலங்கை மலையகத்தில் பால் இல்லாத பிளேன்டீக்குச் சர்க்கரையை அள்ளிப் போடுகிறார்கள். சர்க்கரை டானினைப் பிடிப்பதில்லை. அது துவர்ப்பு தெரிவதைத்தான் குறைக்கிறது. அங்கே வினை வாயில்தான் நடக்கிறது.

டானினுக்குப் புரதத்தோடு இன்னொன்றின்மீதும் மோகம் உண்டு. வாழைக்காயை இரும்பு அரிவாள்மனையில் நறுக்கினால் அலகு கருநீலமாகக் கறுத்துவிடும். எவர்சில்வர் கத்தியில் அப்படி ஆவதில்லை. டானினின் பக்கத்துப் பக்கத்து ஹைட்ராக்சில்கள் இரும்பு அயனியைக் கவ்வி, கரையாத கறுப்புச் சேர்மமாக்குகின்றன. கலம்காரிக் கலைஞர்கள் துணியைக் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் நனைத்துக் காயவைத்து, வெல்லத்தில் இரும்பை ஊறப்போட்ட சாற்றால் கோடு இழுப்பார்கள். தொட்ட இடமெல்லாம் கறுப்பாகி, துவைத்தாலும் போகாமல் நிற்கும்.

அரிவாள்மனையில் நடப்பது குடலிலும் நடக்கிறது, அங்கே அது நல்லதல்ல. 1983-ல் வந்த ஓர் ஆய்வில், ஹாம்பர்கர் உணவோடு தேநீர் குடித்தவர்களின் உடல் இரும்பை உறிஞ்சும் அளவு 64 சதவீதம் குறைந்தது, காபி குடித்தவர்களுக்கு 39 சதவீதம். உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்த காபி கெடுதல் செய்யவில்லை. உண்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்ததோ, உணவோடு குடித்த அளவுக்கே தடுத்தது. பால் சேர்த்தாலும் இந்தத் தடை பெரிதாக நீங்குவதில்லை. கீரையிலும் பயறிலும் கிடைக்கும் இரும்பைத்தான் டானின் மிகுதியாகக் கட்டுகிறது. நம் ஊரில் பெரும்பாலோருக்கு இரும்பு கிடைக்கும் வழியே அதுதான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்குக் காரணங்கள் பல, தேநீரை மட்டும் குற்றவாளியாக்க முடியாது. ஆனால் காலை இட்லியோடு டீ குடிக்கும் கர்ப்பிணிக்கு, டீயை இரண்டு மணி நேரம் தள்ளிக் குடி, சாப்பாட்டோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். நெல்லியிலும் டானின் உண்டுதான். ஆனாலும் அதன் வைட்டமின் சி இரும்பு உறிஞ்சப்படுவதற்குத் துணை நிற்கிறது.

பாக்கைப் பற்றியும் சொல்லவேண்டும். கொட்டைப்பாக்கை மென்றதும் வரும் கடும் துவர்ப்புக்கும் காரணம் டானின்தான். நாள்தோறும், ஆண்டுக்கணக்காக அதைக் கன்னத்தில் அடக்கி வைப்பவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் வெளுத்து இறுகி, வாயைத் திறக்கவே முடியாமல் போகும் நோய் வருகிறது. பாக்கிலுள்ள அரிக்கோலின் என்ற சேர்மம் புது இழைகள் உண்டாகத் தூண்டுகிறது. அப்படி உண்டான கொல்லாஜனை உடல் வழக்கம்போலச் சிதைக்கவிடாமல் டானின் கட்டிப்போடுகிறது என்பது ஆய்வாளர்கள் முன்வைத்திருக்கும் விளக்கங்களில் ஒன்று. பதனிடும் குழியில் தோலுக்கு நடப்பது உயிருள்ள கன்னத்தில் நடக்கிறது. புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-ல் அறிவித்தது.

பழங்களோ இந்தச் சிக்கலைத் தாங்களே தீர்த்துக்கொள்கின்றன. வாழைக்காய் பழுத்ததும் துவர்ப்பு போய்விடுகிறது. டானின் அழிந்துவிட்டது என்றுதான் நினைக்கத் தோன்றும். அது பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கிறது. ஒன்றோடொன்று பிணைந்து, உமிழ்நீரில் கரையாத நிலைக்குப் போய்விட்டது. விதை முற்றும் வரை காயைக் காத்து, முற்றியதும் தின்பவர்களை வரவேற்கும் ஏற்பாடு இது. விதையே இல்லாத நம் வாழை அந்தப் பழைய பழக்கத்தை இன்னும் விடவில்லை. ஜப்பானில் துவர்க்கும் சீமைப் பனிச்சைப் பழங்களை ஆல்கஹால் ஆவியிலோ கரிவளியிலோ வைத்து இந்த வேலையைச் சில நாட்களில் முடித்துவிடுகிறார்கள். பழத்துக்குள் உருவாகும் அசிட்டால்டிஹைடு டானின்களைச் சேர்த்துக் கட்டிவிடுகிறது.

முந்திரிப் பழத்துக்கு இந்த வித்தை முழுதாக வசப்படவில்லை. நன்றாகப் பழுத்துச் சிவந்து மணம் வீசும்போதும் சாறு தொண்டையைப் பிடிக்கும். உப்புத் தொட்டுத் தின்பதுதான் பண்ருட்டிப் பக்கத்துப் பிள்ளைகளின் வழி. சாற்றைக் கஞ்சித் தண்ணீரோடு கலந்து தெளியவைப்பது கேரளத்து வீட்டுமுறை. கேரள வேளாண் பல்கலைக்கழகம் சவ்வரிசியைப் பொடித்துக் கூழாகக் காய்ச்சி, லிட்டர் சாற்றுக்குச் சுமார் 5 கிராம் வீதம் கலக்கச் சொல்கிறது. இரவு முழுக்க அசையாமல் வைத்தால் டானின் கூழோடு சேர்ந்து அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்து நிற்பதை இறுத்து எடுத்தால் துவர்ப்பில்லாத சாறு. ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி உள்ள சாறு அது. சவ்வரிசி ஆலைகள் சேலத்தில் இருக்கின்றன, முந்திரித் தோப்புகள் கடலூரில் இருக்கின்றன. ஆனாலும் சித்திரை வைகாசியில் கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே அழுகவிட்டுவிடுகிறோம்.